விட்ட இடத்துக்கே திரும்ப வேண்டுமா?

தீபாவளி முடிந்த வாரத்திலும் பொங்கல் முடிந்த வாரத்திலும் தமிழ்நாட்டில் பல வீடுகளில் ஒரே பேச்சைக் கேட்கலாம். "பேலியோல இருந்தப்ப பதினாலு கிலோ குறைஞ்சேன். அப்புறம் விட்டுட்டேன், எல்லாம் திரும்ப ஏறிடுச்சு. மறுபடியும் ஆரம்பிக்கணும்." சொல்கிறவருக்குப் பெரும்பாலும் நாற்பது வயது கடந்திருக்கும். எடை குறைந்த காலத்தில் வாங்கிய சட்டைகளும் பிடித்துத் தைத்த ரவிக்கைகளும் பீரோவில் இன்னும் மடித்தபடி இருக்கும். மாவுச்சத்தைக் குறைத்தால் எடை இறங்குமா என்ற சந்தேகம் அவருக்கு இல்லை. தன் உடம்பிலேயே பார்த்துவிட்டார். அவருடைய கேள்விகள் வேறு. இறங்கிய எடை ஏன் தங்கவில்லை? இரண்டாம் முறையும் அதே மாதிரி இறங்குமா? எந்த அளவுக்குக் குறைத்துக்கொண்டு திரும்புவது? இன்றைக்குத் தன் உடம்பு இருக்கும் நிலையில் திரும்பலாமா?

இந்த உணவுமுறை பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி முதல்முறை வருகிறவருக்காக எழுதப்பட்டது. ஆனால் கடந்த இருபது ஆண்டு ஆய்வுகளைப் பொறுமையாகப் புரட்டினால், திரும்பி வருகிறவருக்கான விடைகளும் அவற்றுக்குள்ளேயே கிடைக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பார்த்தபின் நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு இது: திரும்புவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பத்துப் பதினைந்து கிலோ ஏறும்வரை காத்திருந்து திரும்புவதும், தாக்குப்பிடிக்க முடியாமல் விட்ட அதே கெடுபிடிக்குத் திரும்புவதும்தான் ஆளை மறுபடி மறுபடி விட வைக்கின்றன.

தமிழ்நாட்டில் இந்த உணவுமுறைக்குப் 'பேலியோ' என்ற பெயரே நிலைத்துவிட்டது. 2010களின் நடுவில் நியாண்டர் செல்வனின் எழுத்துகளும் 'ஆரோக்கியம் & நல்வாழ்வு' ஃபேஸ்புக் குழுவும் அதைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுசென்றன. காலையில் 100 பாதாம், மதியம் காய்கறியோடு பனீர் அல்லது இறைச்சி, இரவு முட்டை, நடுவே பட்டர் டீ, கொய்யாக்காய். அரிசி, கோதுமை, பருப்பு, சர்க்கரை எதுவும் கிடையாது. அந்த அலை செய்த ஒரு நன்மையை மறக்கக் கூடாது. ரத்தப் பரிசோதனை என்பது நோய் வந்தபின் மருத்துவர் எழுதிக்கொடுப்பது என்று நினைத்திருந்த நடுத்தரக் குடும்பங்கள், மூன்று மாத சராசரிச் சர்க்கரையையும் டிரைகிளிசரைடையும் தாங்களே வாசித்துப் புரிந்துகொள்ளப் பழகின. இட்லியிலும் தோசையிலும் சோற்றிலும் இருப்பது ஒரே பொருள் என்பது அதற்கு முன் எத்தனை பேருக்குத் தெரியும்?

முறை பழையதுதான். லண்டனில் சவ அடக்க ஏற்பாட்டாளராக இருந்த வில்லியம் பாண்டிங், குனிந்து காலணிக் கயிற்றைக் கட்ட முடியாத அளவுக்குப் பருத்துப்போனவர். படகு வலித்தார், நீராவிக் குளியல் எடுத்தார், ஒன்றும் பலிக்கவில்லை. படகு வலித்ததில் பசி கூடியதுதான் மிச்சம். காது மந்தமாகிறது என்று வில்லியம் ஹார்வி என்ற மருத்துவரிடம் போனவரை, ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கைக் குறைக்கச் சொன்னார் அவர். ஏறத்தாழ ஓராண்டில் 46 பவுண்டு, அதாவது 21 கிலோ குறைந்தது. 1863இல் பாண்டிங் வெளியிட்ட சிறு நூல் அந்தக் காலத்தில் பரபரப்பாக விற்றது. அவருடைய பட்டியலில் காலையில் காய்ந்த ரொட்டித் துண்டு ஒன்றுக்கு இடம் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அடியோடு நிறுத்துவது பின்னால் வந்த கெடுபிடி. 1972இல் அமெரிக்காவின் ராபர்ட் அட்கின்ஸ் தன் புத்தகத்தின் மூலம் பரப்பிய முறையில்தான் முதல் கட்டம் மிகக் கடுமையானது. நாளொன்றுக்குச் சுமார் 20 கிராம் மாவுச்சத்து என்று பின்னால் நிலைத்த கணக்கு, நமக்கு இரண்டு இட்லி.

முதல்முறைக்கான சான்றுகளை வேகமாகப் பார்த்துவிடலாம். 2003இல் கேரி ஃபாஸ்டர் குழு 63 பேரிடம் நடத்திய ஆய்வில், ஆறு மாதத்தில் அட்கின்ஸ் முறையினர் தங்கள் எடையில் 7 சதவீதம் குறைத்திருந்தார்கள். வழக்கமான குறைந்த கொழுப்பு முறையினர் 3.2 சதவீதம். ஓராண்டு முடிவில் 4.4, 2.5 என்று இடைவெளி சுருங்கியது. அந்த வித்தியாசத்தைப் புள்ளியியல் ஏற்கவில்லை. 2018இல் ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டோஃபர் கார்ட்னர் 609 பேரை ஓராண்டு தொடர்ந்தார். மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோ இறங்கினார்கள், கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோ. மரபணுவைப் பார்த்தோ இன்சுலின் சுரப்பைப் பார்த்தோ 'உனக்கு இந்த முறைதான் ஒத்துவரும்' என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியவில்லை. பாஸ்டனில் மைக்கேல் டான்சிங்கர் 160 பேருக்கு நான்கு பிரபலமான உணவுமுறைகளைப் பிரித்துக்கொடுத்து 2005இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியாகப் பேசுகிறது. எந்த முறை என்பதைவிட, எவ்வளவு விடாமல் கடைப்பிடித்தார் என்பதே எடை இழப்பைத் தீர்மானித்தது. அட்கின்ஸ் பிரிவில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் ஓராண்டு முடிவதற்குள் விலகிவிட்டார்கள்.

மாவுச்சத்தைக் குறைக்கும் முறை முதல் ஆறு மாதத்தில் மற்றவற்றை முந்துகிறது, பிறகு சமமாகிறது என்பதே இவற்றின் சாரம். அந்த முதல் ஆறு மாதத்தின் நினைவுதான் மனிதர்களை மீண்டும் அங்கே இழுக்கிறது.

எடை திரும்புவதற்கு மன உறுதி இல்லாததைக் காரணமாகச் சொல்வது நம் ஊரில் வழக்கம். உடம்பு வேறு கதை சொல்கிறது. ஆஸ்திரேலியாவில் பிரியா சுமித்ரன் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வில், மிகக் குறைந்த கலோரியில் எடை இழந்தவர்களின் பசி ஹார்மோன்கள் ஓராண்டு கழித்தும் பழைய நிலைக்கு வரவில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் உயர்ந்தே இருந்தது, போதும் என்று சொல்லும் லெப்டின் தாழ்ந்தே இருந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடைக் குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டு கழித்துப் பரிசோதித்தார் கெவின் ஹால். சராசரியாக 58 கிலோ குறைத்தவர்களுக்கு 41 கிலோ திரும்பியிருந்தது. அவர்களுடைய உடம்பு சும்மா இருக்கும்போது செலவழிக்கும் சக்தி, அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவு. 29 அமெரிக்க ஆய்வுகளைத் தொகுத்த 2001ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, ஐந்தாம் ஆண்டு முடிவில் இழந்த எடையில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவே தக்கவைக்கப்பட்டதாகச் சொன்னது. இவற்றில் எதுவும் பேலியோவுக்கு மட்டும் உரிய குறை கிடையாது. எந்த வழியில் இறங்கினாலும் உடம்பு இழந்ததைத் திரும்பக் கேட்கிறது.

அப்படியானால் இரண்டாம் முறை பலிக்காதா? 'ஒரு தடவை குறைச்சு ஏத்திட்டா அப்புறம் குறையவே குறையாது, மெட்டபாலிசம் கெட்டுப்போயிருக்கும்' என்ற பயம் பரவலாக இருக்கிறது. சியாட்டிலின் ஃப்ரெட் ஹட்சின்சன் மையத்தில் மாதவிடாய் நின்ற 439 பெண்களிடம் நடந்த ஓராண்டு ஆய்வு இதை நேராகச் சோதித்தது. முன்பே பலமுறை எடை இறங்கி ஏறிய பெண்கள் ஆய்வைத் தொடங்கும்போது மற்றவர்களைவிடக் கூடுதல் எடையோடுதான் இருந்தார்கள். ஆனால் உணவுக் கட்டுப்பாட்டிலும் உடற்பயிற்சியிலும் அவர்கள் குறைத்த எடை மற்றவர்களுக்குச் சமமாகவே இருந்தது. இன்சுலின் முதலிய அளவுகளிலும் அதே முன்னேற்றம். அங்கே கொடுத்தது குறைந்த கொழுப்பு உணவு என்பதை நினைவில் வைத்துக்கொண்டே சொல்கிறேன்: திரும்பி வருகிறவர்கள் பலருக்கு இந்த ஆய்வைச் சொன்னாலே பாதிச் சுமை இறங்கும். 13.6 கிலோவுக்குமேல் குறைத்து ஓராண்டாவது தக்கவைத்தவர்களின் விவரங்களை 1994 முதல் சேகரித்துவரும் அமெரிக்கத் தேசியப் பதிவேட்டிலும் பெரும்பாலோர் முன்பு முயன்று தோற்றவர்களே. அவர்களில் மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்தவர்கள் பத்தில் ஒருவர்தான். ஆனால் மூன்று ஆண்டுகளில் அவர்களுக்கு ஏறிய எடை மற்றவர்களைவிடக் கூடவில்லை.

இரண்டாம் முறை வருகிறவரை ஏமாற்றுவது தராசு. மாவுச்சத்திலிருந்து கல்லீரலிலும் தசையிலும் உடம்பு சேமித்து வைக்கும் கிளைகோஜன் ஏறத்தாழ அரைக் கிலோ. ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சோற்றை நிறுத்திய முதல் வாரத்தில் இந்தக் கையிருப்பு கரைகிறது; கூடவே இன்சுலின் தாழ்வதால் சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றுகிறது. தராசு இரண்டு கிலோ, சிலருக்கு மூன்று கிலோ இறங்கிக் காட்டும். கொழுப்பு கரைந்தது அதில் சொற்பமே. இதே கணக்கு பொங்கலன்று தலைகீழாக ஓடுகிறது. காலையில் சர்க்கரைப் பொங்கல், மதியம் வடை பாயசத்தோடு சாப்பாடு, மறுநாள் கரும்பு. மூன்றாம் நாள் தராசில் ஏறினால் இரண்டரை கிலோ கூடியிருக்கிறது. இரண்டு நாளில் இரண்டரை கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால் தேவைக்குமேல் ஏறத்தாழ 19,000 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். மனிதனால் ஆகிற காரியமா? ஏறியது பெரும்பாலும் நீர். அதை அறியாதவர் 'எல்லாம் போச்சு' என்று அன்றே கைவிடுகிறார். உண்மையான ஏற்றம் அதற்குப் பிந்திய எட்டு மாதத்தில் நடக்கிறது.

பண்டிகையை இந்த அளவுக்குக் கணக்கில் எடுத்துக்கொண்ட ஒரே ஓர் ஆய்வு எனக்குத் தெரியும். இஸ்ரேலின் பாலைவன நகரமான டிமோனாவில் உள்ள அணு ஆராய்ச்சி மையத்தின் ஊழியர்கள் 322 பேரிடம், ஐரிஸ் ஷாய் தலைமையில் இரண்டு ஆண்டு நடந்த ஆய்வு அது, 2008இல் வெளியானது. மூன்று பிரிவுகள்: குறைந்த கொழுப்பு, மத்தியதரைக்கடல் உணவு, குறைந்த மாவுச்சத்து. மூன்றாம் பிரிவினருக்கு முதல் இரண்டு மாதம் நாளொன்றுக்கு 20 கிராம் மாவுச்சத்து. பிறகு படிப்படியாகக் கூட்டி அதிகபட்சம் 120 கிராம். மதப் பண்டிகைகள் முடிந்த உடனே மறுபடி 20 கிராம் கட்டம். பண்டிகையில் சாப்பிடுவார்கள் என்பதும், முடிந்ததும் திரும்ப வேண்டும் என்பதும் முதல் நாளே திட்டத்தில் எழுதப்பட்டிருந்தன. நம் ஊர்க் குழுக்களில் அதே செயலுக்குச் 'சீட்டிங்' என்று பெயர். செய்தவர் குற்ற உணர்வோடு ஒதுங்கிப் போனார்.

டிமோனாவில் இன்னும் சில ஏற்பாடுகள் இருந்தன. ஊழியர்களின் முக்கிய உணவு மதியச் சாப்பாடு, அது கேன்டீனில். எந்தப் பதார்த்தம் எந்தப் பிரிவுக்கு உகந்தது, எதில் எவ்வளவு மாவுச்சத்து என்று கேன்டீனிலேயே அடையாளமிட்டு வைத்திருந்தார்கள். வாழ்க்கைத் துணைகளுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் 84.6 சதவீதம் பேர் ஆய்வில் நீடித்தார்கள். அட்கின்ஸ் முறையில் பாதிப் பேர் ஓடிப்போன பாஸ்டன் ஆய்வோடு ஒப்பிட்டால் இது பெரிய வித்தியாசம். குறைந்த மாவுச்சத்துப் பிரிவினர் சராசரியாக 4.7 கிலோ, மத்தியதரைக்கடல் பிரிவினர் 4.4, குறைந்த கொழுப்புப் பிரிவினர் 2.9 கிலோ குறைத்தார்கள். ஆய்வு முடிந்து கேன்டீன் அடையாளங்களும் ஆலோசகர்களும் போனபின் மேலும் நான்கு ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். ஆறாம் ஆண்டு முடிவில் மத்தியதரைக்கடல் பிரிவு தொடக்கத்தைவிட 3.1 கிலோ கீழே இருந்தது. குறைந்த மாவுச்சத்துப் பிரிவு 1.7 கிலோ, குறைந்த கொழுப்புப் பிரிவு 0.6 கிலோ. கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், ஒரே வளாகத்தில் வேலை பார்த்தவர்கள் என்பதால் இதை அப்படியே எல்லோருக்கும் பொருத்த முடியாது. ஆனாலும் ஓர் உணவுமுறையைத் தாங்கிப் பிடிப்பது அதைச் சுற்றியிருக்கும் ஏற்பாடு என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய ஆய்வு வேறில்லை என்பேன்.

நம் சுற்றுப்புறம் எப்படி இருக்கிறது? 2011 முதல் தமிழ்நாட்டில் ரேஷன் கடையில் அரிசி இலவசம். பட்டினியைத் துடைத்த திட்டம் அது. அதைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. ஆனால் வீட்டில் விலையில்லாமல் வந்து சேரும் பொருள் மாவுச்சத்து. முட்டையும் மீனும் பனீரும் பாதாமும் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. ஐவர் உள்ள குடும்பத்தில் ஒருவர் மட்டும் பேலியோ என்றால், அந்த ஒருவருக்கு மாதச் செலவு தனியாக நிற்கிறது. அந்த ஒருவர் குடும்பத் தலைவி என்றால் இன்னும் சிக்கல். மற்ற நால்வருக்குச் சோறு வடித்து, தோசை வார்த்து, மிஞ்சியதை வீணாக்க மனமில்லாமல் அடுப்படியில் நின்றபடி சாப்பிட்டு முடிப்பவர் அவர். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடை கொண்டவர்கள். இவர்களில் பெண்களைப் பார்த்து 'கட்டுப்பாடு இல்லை' என்று சொல்கிற வீட்டார், அடுப்படியில் யார் நிற்கிறார் என்பதை முதலில் யோசிக்க வேண்டும்.

சென்னையைச் சேர்ந்த மருத்துவர்கள் வி.மோகன், ஆர்.எம்.அஞ்சனா ஆகியோர் முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர்–இன்டியாப் (ICMR–INDIAB) ஆய்வு நமக்கு மிக அருகில் வருகிறது. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து, புரதம் 12 சதவீதம்தான் என்று 2025இல் அது சொன்னது. அதே கட்டுரையில் இன்னொரு கண்டுபிடிப்பு இருக்கிறது. அரிசிக்கு மாற்றாக முழுக் கோதுமையோ சிறுதானியமோ சாப்பிட்டாலும், மொத்த மாவுச்சத்து குறையாவிட்டால் சர்க்கரை நோய் அபாயம் குறையவில்லை. தினை இட்லிக்கும் வரகுப் பொங்கலுக்கும் மாறியதை 'மாவுச்சத்தைக் குறைத்துவிட்டேன்' என்று நம்புகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். நூறு கிராம் அரிசியில் 78 கிராம் மாவுச்சத்து என்றால், சிறுதானியங்களில் ஏறத்தாழ 60 முதல் 70 கிராம். நார்ச்சத்துக்காகச் சாப்பிடலாம், அளவைக் கூட்டினால் பயன் போய்விடும்.

அதே குழு 2022இல் வெளியிட்ட பரிந்துரை திரும்பி வருகிறவர்களுக்கு ஆறுதலானது. சர்க்கரை நோய் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் அதிலிருந்து மீள, மொத்தக் கலோரியில் மாவுச்சத்தை 49 முதல் 54 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, புரதத்தை 19–20 சதவீதத்துக்கு உயர்த்த வேண்டும் என்று அவர்கள் கணித்தார்கள். 20 கிராமோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ தாராளம்.

டிமோனாவின் 120 கிராமை நம் தட்டில் வைத்துப் பார்ப்போம். இட்லி ஒன்றில் 8 முதல் 10 கிராம் மாவுச்சத்து. வடித்த சோறு 100 கிராமில் 28 கிராம். வீட்டுத் தோசை ஒன்றில் 20க்குமேல். காலையில் நாலு இட்லி, மதியம் 300 கிராம் சோறு, இரவு மூன்று தோசை, மூன்று வேளை சர்க்கரை போட்ட காப்பி, நடுவில் ஒரு வாழைப்பழம், சாம்பார், பொரியல் எல்லாம் சேர்த்தால் 250 கிராமை எட்டிவிடும். இதையே காலையில் இரண்டு இட்லியும் இரண்டு முட்டையும், மதியம் ஒரு கிண்ணம் அதாவது 150 கிராம் சோறும் அதைவிட இரு மடங்கு பொரியலும் மீனும், இரவு ஒரு தோசையும் நிறைய காய்கறியும், காப்பியில் சர்க்கரை இல்லாமல் என்று மாற்றினால், பருப்பும் தயிரும் சேர்த்து 120 கிராமுக்குள் நிற்கும். இட்லியும் சோறும் தோசையும் மூன்றுமே தட்டில் இருக்கின்றன. வீட்டில் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடலாம். வேறு சமையல் தேவையில்லை. இது பேலியோவே இல்லை என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் பத்து ஆண்டு இருக்கக்கூடிய இடம் இது. விட்டுவிட்டுத் திரும்புகிறவருக்கு வேண்டியது அப்படியோர் இடம்.

சைவர்களுக்குச் சங்கடம் அதிகம். பயறும் கொண்டைக்கடலையும் புரதம் என்று சொல்லிச் சுண்டலைக் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட்டால், வேகவைத்த 100 கிராம் கொண்டைக்கடலையில் 27 கிராம் மாவுச்சத்தும் கூடவே வருகிறது. தயிர், பனீர், சோயா, ஓரளவு பருப்பு, நிறைய காய் என்றுதான் சமாளிக்க வேண்டும். புகழ்பெற்ற அந்த 100 பாதாமைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் இருக்கிறது. மாவுச்சத்தில் பாதிக்குமேல் நார். ஆனால் கலோரி 700ஐ நெருங்குகிறது. முதல்முறை பசியே இல்லாமல் அதில் மதியம்வரை ஓட்டியவர்கள் உண்டு. இரண்டாம் முறை, பழகிய வாய்க்கு அது போதாமல், பாதாமுக்குமேல் பட்டர் டீ, அதற்குமேல் சீஸ் என்று போனால், மாவுச்சத்து குறைவாகவே இருக்கும், எடை இறங்காது. மாவுச்சத்தைக் குறைத்தால் கலோரியே கணக்கில்லை என்பதை நான் ஏற்கவில்லை. கெவின் ஹால் 2021இல் 20 பேரை ஆய்வு மையத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் மாவுச்சத்து மிகக் குறைந்த கீட்டோ உணவும் இரண்டு வாரம் கொழுப்புக் குறைந்த தாவர உணவும் வயிறாரச் சாப்பிட விட்டார். தாவர உணவின்போது அவர்கள் தாமாகவே நாளொன்றுக்கு 689 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். மறுபக்கம், எடை குறைந்தபின் மாவுச்சத்தைக் குறைவாக வைத்தால் உடம்பு நாளொன்றுக்கு 200 கலோரிபோலக் கூடுதலாகச் செலவழிக்கிறது என்று 2018இல் பாஸ்டனின் டேவிட் லுட்விக் குழு வெளியிட்டது. அந்தக் கணக்கீட்டை ஹால் மறுத்தார். இந்தச் சண்டை ஓயவில்லை.

இனி, மிக முக்கியமான விஷயம். முதல்முறை முப்பத்தைந்து வயதில் மாத்திரை எதுவும் இல்லாமல் தொடங்கியவர், இன்று நாற்பத்தைந்தில் மூன்று மாத்திரையோடு திரும்புகிறார். பழைய உணவுப் பட்டியலைத் தேடியெடுத்துத் திங்கள்கிழமை தொடங்குவது இவருக்கு ஆபத்தாக முடியலாம். கிளிமெபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டே சோற்றை நிறுத்தினால் சர்க்கரை சடாரென்று தாழ்ந்து மயக்கம் வரும். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் இன்று பரவலாக எழுதப்படுகின்றன. இவற்றோடு கடுமையான கீட்டோ சேர்ந்தால், ரத்தச் சர்க்கரை அதிகம் ஏறாமலே ரத்தம் அமிலமாகும் அபாயம் உண்டு. மீட்டரில் எண் நன்றாக இருப்பதால் வாந்தியையும் மூச்சிரைப்பையும் வேறேதோ என்று நினைத்து நாளைக் கடத்திவிடுவார்கள். ரத்தக்கொதிப்பு மாத்திரை எடுப்பவருக்கு உப்பும் நீரும் வெளியேறும் முதல் வாரத்தில் அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றலாம். சிறுநீரகக் கோளாறு, பித்தப்பைக் கல், கர்ப்பம், தாய்ப்பால் கொடுக்கும் காலம் ஆகியவற்றில் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. மாத்திரை அளவை மாற்றுவது முதலில், உணவை மாற்றுவது அடுத்து. சிலருக்கு வெண்ணெய், தேங்காயெண்ணெய், கொழுப்பு இறைச்சி என்று போகும்போது எல்டிஎல் கொழுப்பு கணிசமாக ஏறுகிறது. முதல்முறை ஏறவில்லை என்பது இப்போதும் ஏறாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தொடங்குமுன் ஒருமுறையும் மூன்று மாதம் கழித்து ஒருமுறையும் பார்த்துவிட வேண்டும். 15,000க்கு மேற்பட்ட அமெரிக்கர்களைக் கால்நூற்றாண்டு தொடர்ந்த தரவுகளை வைத்து 2018இல் வெளியான ஆய்வில், மாவுச்சத்துக்கு மாற்றாக இறைச்சிக் கொழுப்பும் புரதமும் வந்தபோது இறப்பு கூடியும், கடலை, பருப்பு போன்ற தாவரப் பொருள்கள் வந்தபோது குறைந்தும் காணப்பட்டது. இது தொடர்பைக் காட்டும் ஆய்வுதான், காரணத்தை நிரூபிப்பதில்லை. இருந்தும் வேர்க்கடலை, மீன், பருப்பு பக்கம் சாய்வதற்கு எனக்கு இது போதும்.

தசையையும் மறந்துவிடக் கூடாது. இறங்கும் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கொழுப்பல்லாத திசு. திரும்ப ஏறும்போது, குறிப்பாக வயதானவர்களுக்கு, கொழுப்பு சேரும் அளவுக்குத் தசை சேர்வதில்லை. நடைப்பயிற்சியோடு நிறுத்திவிடாமல் எடை தூக்கும் பயிற்சியும் வேண்டும் என்பது இதனால்தான்.

எப்போது திரும்புவது என்பதற்கு ரீனா விங் 2006இல் வெளியிட்ட ஆய்வைப் போல உபயோகமான விடை வேறெங்கும் கிடைக்கவில்லை. எடையில் பத்து சதவீதமாவது குறைத்திருந்த 314 பேரை எடுத்துக்கொண்டு, அவர்களில் பயிற்சி பெற்ற பிரிவினரைத் தினமும் தராசில் ஏறச் சொன்னார். ஒன்றரைக் கிலோவுக்குள் ஏறியிருந்தால் பச்சை. அதைத் தாண்டினால் மஞ்சள். எங்கே கூடியது என்று யோசிக்க வேண்டும். 2.3 கிலோ ஆகிவிட்டால் சிவப்பு; அன்றே மறுபடியும் எடைக் குறைப்பு உணவுக்குத் திரும்ப வேண்டும். ஒன்றரை ஆண்டில், வெறும் துண்டறிக்கை மட்டும் பெற்றவர்களில் 72 சதவீதம் பேர் 2.3 கிலோவுக்குமேல் ஏறியிருந்தார்கள். நேரில் கூடிப் பேசியவர்களில் 46 சதவீதம். நம் ஆண்டில் ஆடி முதல் தை வரை கொழுக்கட்டை, நவராத்திரிச் சுண்டல், தீபாவளிப் பலகாரம், கிறிஸ்துமஸ் கேக், பொங்கல், நடுநடுவே கல்யாணப் பந்தி என்று வரிசையாக வருகின்றன. நோன்புக் கஞ்சியும் பெருநாள் பிரியாணியும் தங்கள் முறைக்கு வரும். ஒவ்வொன்றையும் உண்டுவிட்டு, நீர் வடிய ஒரு வாரம் கொடுத்துவிட்டு, அதற்குப்பிறகும் இரண்டு கிலோவுக்குமேல் நின்றால் சில வாரம் சோற்றை நன்றாகக் குறைத்து, மறுபடி 120 கிராமுக்கு வந்து நிற்பது. டிமோனாவில் செய்ததும் இதுதான்.

இனி ஊசியை விட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு. பசியை அடக்கி எடையைக் குறைக்கும் மௌஞ்சாரோ ஊசி 2025 மார்ச்சில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. சில மாதத்தில் வெகோவியும் வந்தது. வெகோவியில் உள்ள செமாக்ளூடைடை நிறுத்தியவர்களைத் தொடர்ந்த ஆய்வில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டில் திரும்பியது. விலை கட்டுப்படியாகாமலோ வாந்தி தாங்காமலோ ஊசியை விடுகிறவர்களில் பலர் அடுத்துத் தேடப்போவது மாவுச்சத்துக் குறைந்த உணவைத்தான். ஊசி பசியை அடக்கி வைத்திருக்கும் மாதங்களிலேயே இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் சோறு, ஒரு தோசை என்ற அளவுக்கு வீட்டுச் சமையலைப் பழக்கிவிட்டு, நிறுத்தும் தேதியையும் மாத்திரை அளவையும் மருத்துவரோடு பேசி முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.